மார்கழியில் ஓர் அமைதியான கடல்

என் முதல் கதைகளில் பெண்கள் அழும்போதெல்லாம் மழை பெய்தது. அப்போது அது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. அவள் முகத்தை மூடிக்கொண்டு விம்முவாள். உடனே யன்னலுக்கு வெளியே இடி இடிக்கும். அவளுக்கு மனம் தெளிந்தால் வானமும் தெளியும். கொழும்புப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு மலரில் அப்படி ஒரு கதை வந்தபோது, பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வாப்பாவின் பலசரக்குக் கடைக்கு ஓடினேன். அவர் கதையை முழுக்க வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மகள், உன்ட கதையில பொம்புள அழுதா மழை வருது. இவளக் கொஞ்ச நாளைக்கு உயிலங்குளத்துக்கு அனுப்பி விடன். அங்க வயலுக்குத் தண்ணி இல்லையெண்டு சனம் கத்திக்கொண்டு கிடக்கு."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பத்திரிகையைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவர் சாப்பிட வந்தபோது சோற்றை மேசையில் டொக்கென்று வைத்தேன். அந்தக் கிழமை முழுக்க அவருக்கு என் வாயிலிருந்து ஒரு சொல் கிடைக்கவில்லை.

வாப்பாவின் சுபாவம் அது. யார் எதைச் சொன்னாலும் அவர் திருத்த வேண்டும். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண் வடக்கில் இடைக்கிடை மழை என்றால், "எங்க பெய்யுது? வந்து காட்டு பாப்பம்" என்று பெட்டியோடு சண்டை பிடிப்பார். ஊரிலுள்ள பழைய பெருக்க மரத்தடியில் நட்டிருக்கும் பலகையில் மரத்தின் வயது பிழை என்பார். சரியான வயது என்ன என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. நான் தொலைபேசியில் யாரிடமாவது ஏதாவது சொன்னால், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே, "பொய் சொல்லாத. அவள் நேத்து வரேல்ல, முந்தநாள்" என்று கத்துவார். முக்கால்வாசி நேரம் அவர் சொல்வதும் பிழையாகவே இருக்கும். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். அவரோடு வாதிட்டு வென்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை; உம்மா மௌத்தாகிக் கண்மூடும்வரை முயன்று பார்த்தார்.

ஆனால் மழையைப் பற்றிய அந்தக் கிண்டல் என்னை விடவில்லை. கதையில் வரும் காட்சி, கதையில் வருபவரின் மனதைக் காட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சோகத்துக்கு மழை, காதலுக்கு நிலா, கோபத்துக்குப் புயல். கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். எங்கள் தீவில் மழை எட்டிப் பார்ப்பது வருடத்தில் கொஞ்ச மாதம். மீதி மாதங்களில் எங்கள் பெண்கள் அழக்கூடாதா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மன்னாரில் கடல் ஒன்றல்ல. தீவுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடைக்காற்று வீசும் மார்கழி மாரி காலத்தில் வடக்குக் கரை பொங்கும், தெற்கு தூங்கும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று வந்தால் தெற்கு பொங்கும், வடக்கு தூங்கும். காற்று மாறும்போது மீனவர்கள் கரையில் போட்ட வாடிக் குடிசையைக் கழற்றி மற்றக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஆகவே உங்கள் கதாநாயகிக்குக் கொந்தளிக்கும் கடல் வேண்டுமா, அமைதியான கடல் வேண்டுமா? எந்த மாதத்திலும் இரண்டும் உண்டு. ஓட்டோ பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். கடல் எவருடைய மனதுக்கும் பொறுப்பு எடுப்பதில்லை. அவள் எந்தக் கடலைப் பார்க்கப் போகிறாள் என்பதில்தான் கதை இருக்கிறது.

இதை நான் விளங்கிக்கொள்ளச் சில வருடங்கள் பிடித்தன. பிறகு எழுதிய ஒரு கதையில், காதி நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்த பெண் ஒருத்தி வீட்டுக்குப் போகாமல், சோளகம் அடிக்கும் தெற்குக் கரைக்குப் போய் நிற்கிறாள். அவளுடைய வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை, யாரும் ஏசவில்லை. அந்த மரியாதையான மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை. அவளுக்கு இரைச்சல் வேண்டும். அதற்காகவே போகிறாள். கதையை வாசித்துவிட்டு வாப்பா, "சோளகத்தில அங்க நிக்க ஏலாது. கண்ணெல்லாம் மணல். அழுதாளா, மணல் விழுந்ததா எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். அந்த வரி நன்றாக இருந்தது. அவரிடம் சொல்லாமல் கதையில் சேர்த்துக்கொண்டேன்.

இதெல்லாம் எனக்கு இப்போது ஞாபகம் வருவது, போன மார்கழியில் இதே விடயத்தைப் பற்றி நகரத்து நூலகத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பேச ஒப்புக்கொண்டிருந்ததால்தான். 'புனைகதையில் இயற்கை வருணனையும் பாத்திரங்களின் உணர்வும்' என்று தலைப்பும் தந்திருந்தார்கள். ஒப்புக்கொண்ட நேரத்தில் வாப்பா கடையில் இருந்தார். பேச வேண்டிய நாள் நெருங்கியபோது, என் வீட்டு முன்னறையில் கட்டிலில் கிடந்தார். ஈரலில் வருத்தம். இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. கடைசியாகப் பார்த்த டொக்டர் என் கணவரைத் தனியே அழைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், வாப்பாவுக்கும் தெரியும்.

தெரியாதவர் என் நானா. என் மூத்த சகோதரர், கட்டாரில் வேலை. மதினியும் பிள்ளைகளும் புத்தளத்தில். அவர்களுக்கும் சொல்லவில்லை.

"அவனுக்குச் சொல்லப்படாது" என்றார் வாப்பா. "ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச மாசம். இப்ப விட்டிட்டு வந்தானெண்டா திரும்ப எடுக்கமாட்டானுகள். அவன்ட வீடும் அரைகுறையாக் கிடக்கு. எனக்கு வாக்குத் தா."

வாக்குக் கொடுத்தேன். கொடுத்த நிமிடத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்களில் மையித்தை, இறந்தவர் உடலை, வைத்திருப்பதில்லை. காலையில் கண்மூடினால் பின்னேர அசர் தொழுகைக்குள் அடக்கிவிடுவோம். எந்த விமானத்துக்காகவும் யாரும் காத்திருப்பதில்லை. நானா இப்போதே வந்தால் வாப்பாவின் முகத்தைப் பார்ப்பார். பிந்தினால் மையவாடியில் ஒரு மணல் மேட்டைப் பார்ப்பார். வாக்கைக் காப்பாற்றினால் நானாவுக்குத் துரோகம், மீறினால் வாப்பாவுக்குத் துரோகம். இதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் கட்டிலுக்கும் வாசல் படலைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நூலகப் பேச்சுக்கு ஒரு வரி எழுதுவேன். எழுந்து போய் வாப்பாவின் மூச்சைப் பார்ப்பேன். திரும்பி வந்து அந்த வரியை வெட்டுவேன்.

வெளியே வாடை விடாமல் வீசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் வடக்குக் கரை. கூரைத் தகரம் படபடக்கும், யன்னல் கதவு அடித்துக்கொள்ளும், கரையெல்லாம் அலை தள்ளிவிட்ட சாதாழைக் கடற்புல் கறுத்துக் கிடந்து நாறும். வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டுவிட்டு ஆட்கள் தெற்கே போய்விட்டார்கள். பார்க்கிற கண்ணில்தான் எல்லாம் இருக்கிறது என்று பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான், கண்ணில் பட்டதையெல்லாம் சகுனமாக்கிக்கொண்டிருந்தேன். காகம் மதிலில் இருந்தால் நெஞ்சு பதறியது. ஒரு கழுதை எங்கள் படலைக்கு முன்னால் வந்து காலையிலிருந்து அசையாமல் நின்றது. அது எதற்காக இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது என்று ஆத்திரம் வந்து, செருப்பைக் கழற்றி எறிந்தேன். கழுதை செருப்பை மணந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றது.

நானா தினமும் தன்னுடைய மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவார். எங்களுக்கு அது அசருக்கு முந்திய நேரம். தீவு ஆட்கள் தொலைபேசியில் முதலில் சுகம் விசாரிப்பதில்லை. "காத்து எப்பிடி?" என்றுதான் தொடங்குவோம். காற்றைச் சொன்னால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும்: வள்ளம் எந்தக் கரையில், மீன் கிடைக்கிறதா, கையில் காசு புழங்குகிறதா, கடையில் வியாபாரம் நடக்கிறதா என்று. வாப்பாவும் நானாவும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேசித்ததை நான் அறிந்தது அந்தக் காற்றுப் பேச்சில்தான். வேறு எதையும் அவர்கள் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

படுத்த பிறகும் வாப்பா அழைப்பு வரும் நேரத்துக்கு மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "ஓம் மகன், நல்லா இருக்கன்" என்பார். சத்தத்தைக் கூட்டி, தொலைபேசியை அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் வைப்பேன். அந்த ஒரு வசனத்தோடு அவருக்கு இளைக்கும். கையால் சைகை காட்டுவார். மீதியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"காத்து எப்பிடி தங்கச்சி?" என்று நானா கேட்டார்.

நான் யன்னலால் பார்த்தேன். தூரத்தில், தெற்குப் பக்கத்தில், காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பனைகள் குனிந்து எழும்பின. உண்மையான காற்றைச் சொன்னால், என் குரலில் இருந்த நடுக்கமும் சேர்ந்து போய்விடும் என்று பயம். எனக்கு ஒரு தொழில் தெரியுமே. வாசிப்பவருடைய மனம் ஆற வேண்டுமென்றால் அசையாத தண்ணீரைக் காட்டு, கரையில் ஒரு பறவையை நிறுத்து என்று எத்தனை கதையில் பழகியிருக்கிறேன்.

"காத்தே இல்ல நானா. கடல் பலகை மாதிரிக் கிடக்கு. நாரையெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது, ஒண்டும் அசையேல்ல. அப்பிடி ஒரு அமைதி."

சொல்லி முடித்தபோது, அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காட்சி நன்றாக வந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு நன்றாக இருக்கிறது என்று நானே ருசி பார்த்தேன்.

"அப்பிடியா?" என்றார் நானா.

அடுத்த நாளும் கேட்டார். நானும் அதே கடலை அதே இடத்தில் விரித்தேன். நாரைகளைக் கொஞ்சம் கூட்டினேன். இந்த முறை அவர் 'அப்பிடியா' என்று விடவில்லை.

"போன் ஸ்பீக்கரிலயா கிடக்கு?"

"ஓம்."

"வாப்பா நித்திரையா?"

"இல்ல, முழிச்சுத்தான் இருக்கிறார். பக்கத்திலதான் நிக்கிறன்."

கம்பி அறுந்தது மாதிரி ஒரு மௌனம். இணைப்புப் போய்விட்டதோ என்று தொலைபேசியைப் பார்த்தேன். போகவில்லை.

"சரி, வைக்கிறன்" என்றார்.

நான் திரும்பி வாப்பாவைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க என் வசனங்களுக்குள் கையை விட்டுக் கிண்டியவர், இந்த ஒரு பொய்யிலாவது என்னோடு சேர்ந்து நிற்கிறார் என்று நினைத்தேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருடைய நெற்றியைத் தடவி, "நல்லாச் சமாளிச்சிட்டம் வாப்பா" என்றேன்.

அதற்கடுத்த நாள் நூலகப் பேச்சு. போகமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். என் கணவர் வாப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "நீர் வீட்டுக்குள்ள நடக்கிற நடையில அவருக்குத்தான் தலை சுத்துது. போயிட்டு வாரும்" என்று அனுப்பினார். பேச்சு மோசமாகப் போனது. மாணவர்கள் கொப்பிகளை விரித்து வைத்து, நான் சொல்வதை வரிக்கு வரி எழுதினார்கள். 'சோகம் – மழை' என்று ஒரு பிள்ளை எழுதிக் கோடு போடுவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதாதீங்கோ, கேளுங்கோ" என்று அதட்டினேன். இரண்டு கடலைப் பற்றிச் சொன்னேன். தெற்குக் கரையில் நின்ற பெண்ணைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் எதைப் பார்க்கிறார் என்று மட்டும் தேடாதீர்கள், கண்ணுக்கு முன்னால் இருந்தும் எதைப் பார்க்க மறுக்கிறார் என்று தேடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மேசையில் வைத்திருந்த தொலைபேசி அதிர்ந்தது. நானாவின் பெயர். எடுக்கவில்லை. அரைவாசியில் பேச்சை முடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்து திருப்பி அழைத்தேன். அவருடைய தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பஸ்ஸில் இருந்து அழைத்தேன். வீட்டுப் படலையில் நின்று அழைத்தேன். அணைந்தே கிடந்தது. அடுத்த நாள் அவருடைய வழக்கமான நேரம் வந்தது, போனது, அழைப்பு வரவில்லை. வாப்பா கண்ணைத் திறந்து தொலைபேசியைப் பார்த்தார். "சிக்னல் இல்ல வாப்பா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினால் கடைவாயால் வழிந்தது.

அந்த நேரத்தில் என் பொறுமை அறுந்தது. வாக்காவது மண்ணாவது. கிணற்றடிக்குப் போய், காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, நானாவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "நானா, நான் சொன்னதெல்லாம் பொய். வாப்பாவுக்கு ஏலாது. உடன வாங்கோ. ஏலாட்டி வீடியோவில எண்டாலும் வாங்கோ. அவர் போயிருவார் நானா." பதிவு முழுக்க வாடையின் ஊளை. ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது சரி விழவே இல்லை. ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்து, பிந்திவிட்டேன், பிந்திவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அசர் பாங்கு சொல்லும் நேரம் ஓட்டோ ஒன்று படலையில் நின்றது. நானா இறங்கினார். கையில் சின்னப் பை மட்டும். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு நேராக முன்னறைக்குப் போய்க் கட்டிலடியில் நின்றார். வாப்பா நித்திரையில் இருந்தார். நானா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் பலகையில் குந்தினார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ஆர் நானா சொன்னது?"

"நீதான்."

"நான் அனுப்பினது உங்களுக்கு வரேல்லையே. போன் அணைஞ்செல்லோ கிடந்தது?"

"ஏற முதல் உனக்கு அடிச்சன், நீ எடுக்கேல்ல; பிறகு பிளேனுக்குள்ள இருந்தன், இறங்கினா இங்க அந்த சிம் வேலை செய்யேல்ல. அதுக்கு முதலே நீ சொல்லிப்போட்டாய்."

எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். மார்கழியில், வடக்குக் கரையில், பலகை மாதிரிக் கடல்! இந்தத் தீவில் பிறந்தவள் எவளாவது இப்படிச் சொல்வாளா? மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போனவள், எந்தக் கரை என்பதை மறந்து பொய் சொல்லியிருக்கிறேன். "மார்கழியெண்டதை மறந்திட்டன்" என்றேன்.

நானா தலையை ஆட்டினார். "அது எனக்கு முதல் நாளே விளங்கினது. நீ கதை எழுதிற ஆள், அளந்துகொண்டு இருக்கிறாய் எண்டு விட்டிட்டன். அதுக்காக ஆரும் பிளேன் ஏறி வருவானா?"

"அப்ப?"

"ரெண்டாம் நாளும் சொன்னாய். வாப்பா பக்கத்தில கிடக்கிறார், முழிப்பு, போனும் ஸ்பீக்கரில. நீ அந்தப் பொய்யச் சொல்லுறாய்..." நானாவின் குரல் இறங்கியது. "அவர் உன்னைத் திருத்தேல்ல தங்கச்சி. நான் காத்துக்கொண்டு இருந்தன், இப்ப கத்துவார், இப்ப கத்துவார் எண்டு. ஒரு சத்தமும் இல்ல."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பக்கத்திலேயே நின்று, நெற்றியைத் தடவி, நன்றாகச் சமாளித்தோம் என்று சொன்னவள் நான். கடல் தாண்டி இருந்தவருக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கத்தையும் துக்கத்தையும் பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியாது.

முன்னறையில் இருமல் கேட்டது. இரண்டு பேரும் ஓடினோம். வாப்பா கண்ணைத் திறந்திருந்தார். நானாவை அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு விரல்கள் போர்வையில் அசைந்தன. நானா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்திட்டியா?"

"வந்திட்டன் வாப்பா."

ஏன் வந்தாய், யார் சொன்னது, வேலை என்னாகும் என்று அவர் கேட்கவில்லை. மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யன்னல் கதவு காற்றில் அடித்தது. வடக்கே அலையின் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்டது. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் நின்று கதைப்பவரைப் போல உரத்த குரலில் சொன்னார்:

"என்ன வாப்பா, இந்த முறை சோளகம் இப்பிடி அடிக்குது? தெக்குக் கரையில ஒரு வள்ளமும் இறக்க ஏலாதாம்!"

அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கியது. நானும் கட்டிலின் மற்றப் பக்கத்தில் முழந்தாளிட்டு, வாப்பாவின் வாயைப் பார்த்தேன். விசரா என்று சொல்லுங்கோ வாப்பா. மார்கழியில சோளகமா என்று கத்துங்கோ. எங்கள் இரண்டு பேரையும் மடையர்கள் என்று ஏசுங்கோ. இனி என் கதைகள் எல்லாவற்றையும் நீங்கள் சொல்கிறபடியே மாற்றி எழுதுகிறேன்.

வாப்பா யன்னல் பக்கம் பார்த்தார். வாடையில் பனையோலைகள் கிழிந்து பறந்துகொண்டிருந்தன. அவர் அதை நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்து, மெல்லத் தலையை அசைத்தார்.

"ஓம் மகன்" என்றார். "சோளகம்தான்."

நானா அவருடைய கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். நான் எழுந்து போய் யன்னலைச் சாத்தினேன்.